அட்டையில் அச்சாகாத வசனங்கள்

தேவன் உன் திட்டத்தை உடைக்கிறார் என்றால் அதைவிடப் பெரியது ஒன்றைக் கையில் வைத்திருக்கிறார். வாய் திறக்காமல் கீழ்ப்படி, இரட்டிப்பாகத் திரும்பி வரும். கீழ்ப்படிதலைப் பற்றி நம் சபைகளில் நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை இதைத்தான் பல விதமாகச் சொல்கின்றன. மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காத பிள்ளைக்கும் இதைத்தான் சொல்கிறோம். நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன பெண்ணுக்கும் இதைத்தான். பிள்ளையைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் இதையேதான். நான் இந்தப் போதனைக்குள் வளர்ந்தவன். பல ஆண்டுகள் பிறருக்கு இதைச் சொல்லியும் இருக்கிறேன். இது தவறு. கீழ்ப்படிதல் என்ற சொல்லின் பொருளையே தலைகீழாக்கிவிட்ட தவறு.

அந்தத் தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். மனிதனின் பார்வை குறுகியது. பட்டுச்சேலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பவன் கண்ணுக்கு நூலும் முடிச்சும்தான் தெரியும். மேற்பக்கத்து மயிலும் மாங்காயும் நெய்பவருக்கே தெரியும். யோசேப்பைக் குழியில் போட்டு விற்றார்கள் அவன் சகோதரர்கள்; அதே யோசேப்புதான் பஞ்ச காலத்தில் அவர்களுக்கு உணவளித்தான். ஆகவே புரியாத வேளையிலும் நம்புவதே விசுவாசம், நம் விருப்பத்தை அவர் காலடியில் வைப்பதே கீழ்ப்படிதல். இதில் உண்மை இருக்கிறது. தன் ஆசையையே கடவுளின் ஆசையாக எண்ணிக்கொள்ளும் அகந்தைக்கு இது நல்ல மருந்து. இழப்பில் மூச்சு முட்டிக் கிடந்த எத்தனையோ பேரை மறுநாள் எழுந்து அடுப்புப் பற்ற வைக்கச் செய்ததும் இந்த நம்பிக்கைதான். அந்த ஆறுதலை இகழ எனக்கு உரிமையில்லை. ஆனால் ஆறுதலாகச் சொன்னது கோட்பாடாகி, கோட்பாடு சட்டமாகி, அந்தச் சட்டம் அடுத்தவர் தலையில் சுமத்தப்படும்போது அதை வேதத்தின் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டாக வேண்டும்.

1. அந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும், வரும் ஆண்டுக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுப்போம். அந்த அட்டைகளிலும், நாட்காட்டிகளிலும், கல்யாணப் பத்திரிகைகளிலும் திரும்பத் திரும்ப வரும் ஒன்று எரேமியா 29:11. தேவன் நம்மைக் குறித்து வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, நன்மைக்கே என்ற உறுதியைத் தருவது. அதற்கு ஒரு வசனம் முன்னால் இருப்பதை யாரும் அச்சடிப்பதில்லை. அங்கே இருப்பது எழுபது ஆண்டு.

கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, அரசனையும் பெரியவர்களையும் கைவினைஞர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம்தான் அந்த 29ஆம் அதிகாரம். அந்த மக்களுக்கு ஒரே ஒரு திட்டம்தான் இருந்தது: ஊருக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திட்டத்துக்கு நேர் எதிராகக் கடிதம் பேசுகிறது. அங்கேயே வீடு கட்டுங்கள். தோட்டம் போடுங்கள். பெண் கொடுங்கள், பெண் எடுங்கள். உங்களைச் சிறைபிடித்த அந்த நகரத்தின் நலனுக்காகவே ஜெபியுங்கள். எழுபது ஆண்டு கழித்துத்தான் திரும்புதல். முப்பது வயதில் அதைக் கேட்டவன் நூறு வயதுவரை இருந்தால்தான் அதைப் பார்ப்பான். வாக்குத்தத்தம் உண்மையானது, ஆனால் அது பேரப்பிள்ளைகளுக்கானது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது அந்நிய மண்ணில் ஒரு கல்லறையும், அதுவரை செய்து முடிக்கச் சொன்ன வேலையும்.

இதற்கு முந்தின அதிகாரத்தை வாசித்துவிட்டு 29க்கு வந்தால் இன்னும் தெளிவாகும். அனனியா என்றொரு தீர்க்கதரிசி ஆலயத்தில், எல்லார் முன்னிலையிலும், இரண்டே ஆண்டில் எல்லாம் திரும்பிவரும் என்று அறிவித்தான். பாபிலோனுக்குக் கீழ்ப்பட வேண்டும் என்பதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தான். எரேமியா முதலில் ஆமென் என்றுதான் சொன்னார். அப்படியே நடக்கட்டும் என்று அவரும் விரும்பினார். ஆனால் விருப்பத்தை வாக்காக மாற்ற அவர் துணியவில்லை. மர நுகத்தை உடைத்தாய், இரும்பு நுகம் வரும் என்று பின்பு வந்து சொன்னார். அனனியா அந்த ஆண்டே செத்தான். இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகும் என்பது பொய்த் தீர்க்கதரிசியின் செய்தி. அந்தச் செய்தியைத்தான் எரேமியாவின் வசனத்தில் சுற்றி, வருடந்தோறும் நள்ளிரவில் விநியோகிக்கிறோம்.

எரேமியாவின் சொந்த வாழ்க்கை என்ன ஆயிற்று? பெண் கொள்ளக் கூடாது என்று அவருக்குக் கட்டளை. சொந்த ஊரான ஆனதோத்தார் அவரைக் கொல்லப் பார்த்தார்கள். துரவில் இறக்கிச் சேற்றில் புதையவிட்டார்கள். எகிப்துக்குப் போகாதீர்கள் என்று அவர் கதறிச் சொன்ன பின்பும் அந்த மக்கள் எகிப்துக்கே போனார்கள், அவரையும் கூட்டிக்கொண்டு. திரும்பிக் கொடுக்கப்பட்டது ஒன்றுமில்லை. அவர் வசனத்தைக் கல்யாணப் பத்திரிகையில் போடுகிறவர்கள், கல்யாணமே மறுக்கப்பட்டவர் அதை எழுதினார் என்பதை ஒரு கணம் நினைத்துப்பார்க்க வேண்டும்.

2. இரட்டிப்பு என்ற கணக்கு வேதத்திலேயே உடைகிறது.

யோபுக்கு எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது என்று சாட்சி சொல்கிறவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். ஆடு 7,000 இருந்தது 14,000 ஆயிற்று. ஒட்டகம் 3,000 இருந்தது 6,000 ஆயிற்று. பிள்ளைகள்? முன்பு ஏழு மகன், மூன்று மகள். பின்பும் ஏழு மகன், மூன்று மகள். இறந்த பத்துப் பேர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. ஒட்டகத்தை ஈடுகட்டலாம், பிள்ளையை ஈடுகட்ட முடியாது என்பதை அந்த எண்களிலேயே நான் வாசிக்கிறேன்.

எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் பட்டியல் என்பார்கள். அதே விசுவாசத்தால் சிலர் பட்டயத்துக்குத் தப்பினார்கள். சில வரிகள் தள்ளி, அதே விசுவாசத்தால் வேறு சிலர் பட்டயத்தால் வெட்டுண்டார்கள். தப்பியவர்களுக்குக் கூடுதல் விசுவாசம் இருந்ததாக அங்கே ஒரு குறிப்பும் இல்லை. இவர்கள் ஒருவரும் வாக்குப்பண்ணப்பட்டதை அடையவில்லை என்றே அந்த அதிகாரம் முடிவை நெருங்குகிறது. பிரசங்கங்கள் தப்பியவர்களோடு நின்றுவிடுகின்றன. கூலி நிச்சயம் என்று தெரிந்து செய்வது வியாபாரம். லாபத்தைக் காட்டிக் கீழ்ப்படியச் சொல்லும்போது மனிதன் கடவுளை நேசிக்கிறானா, லாபத்தை நேசிக்கிறானா என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. யோபின் கதையில் சாத்தான் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: சும்மாவா இவன் பயபக்தியாக இருக்கிறான்? அந்தக் கேள்விக்கு "சும்மா இல்லை, இரட்டிப்புக்காக" என்று நாமே பதில் எழுதிக் கொடுக்கிறோம்.

3. உள்ளத்தில் சமாதானம் வந்தால் அது தேவ சித்தம் என்கிறார்கள்.

வாலிபர் கூட்டங்களில் தவறாமல் சொல்லப்படும் அளவுகோல் இது. ஜெபம் பண்ணு, சமாதானம் வந்தால் போ, வராவிட்டால் நில். யோனாவைப் பாருங்கள். நினிவேக்குப் போ என்ற கட்டளைக்குத் தப்பி, யோப்பாவில் கப்பலேறி, எதிர்த்திசையில் தர்ஷீசுக்கு ஓடுகிறான். புயல் அடிக்கிறது, மாலுமிகள் அலறுகிறார்கள், சரக்குகளைக் கடலில் எறிகிறார்கள். யோனா கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்குகிறான். கீழ்ப்படியாதவனுக்கு அத்தனை சமாதானம். இப்போது கெத்செமனேக்கு வாருங்கள். பிதாவின் சித்தத்துக்கு முழுவதும் கீழ்ப்பட்டவர் தரையில் விழுந்து கிடக்கிறார். பாத்திரம் நீங்காதா என்று கேட்கிறார். வியர்வை இரத்தத் துளிகளைப்போல் விழுகிறது என்று லூக்கா எழுதுகிறார். சமாதானம்தான் அடையாளம் என்றால் யோனா சரி, இயேசு தவறு.

1946 செப்டம்பர் 10ஆம் தேதி டார்ஜிலிங் போகும் ரயிலில் அன்னை தெரசாவுக்கு ஓர் அழைப்பு உண்டாயிற்று. 1948இல் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறிக் கல்கத்தாவின் சேரிகளுக்குள் இறங்கினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய வாழ்நாள் முடியுமட்டும் கடவுளின் அருகாமையை அவர் உணரவில்லை, இருளையே உணர்ந்தார் என்பது 2007இல் வெளியான அவருடைய கடிதங்களால் உலகத்துக்குத் தெரிந்தது. உணர்வை அளவுகோலாக வைத்திருந்தால் அவர் இரண்டாம் ஆண்டிலேயே மடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

4. நடந்ததெல்லாம் அவர் சித்தம் என்றால், நடந்த அநியாயமும் அவர் சித்தம்.

ஐடா ஸ்கடரின் கதையைக் கேட்காத தமிழ்க் கிறிஸ்தவர் குறைவு. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர், மிஷனெரிக் குடும்பம். அந்த வாழ்க்கை வேண்டாம், அமெரிக்காவிலேயே வாழ்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் திட்டம். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் திண்டிவனம் வந்தார், திரும்பிப் போகும் எண்ணத்தோடு. ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் உயர்சாதி இந்து. மூவருக்கும் ஒரே வேண்டுகோள்: மனைவி பிரசவ வேதனையில் இருக்கிறாள், வந்து காப்பாற்றுங்கள். ஐடா மருத்துவர் அல்ல. மருத்துவரான தன் தந்தையை அழைத்துப் போகச் சொன்னார். ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டுப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் மருத்துவம் படித்தார். 1899இல் கார்னெலில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் வேலையைத் தொடங்கினார். 1902இல் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது.

இந்தக் கதையைச் சாட்சியாகச் சொல்லும்போது ஒரு வாக்கியம் வந்துவிடுகிறது: ஐடாவின் திட்டத்தை மாற்றத்தான் தேவன் அந்த இரவை அனுமதித்தார், வேலூர் மருத்துவமனைக்காகத்தான் அப்படி நடந்தது. இதை நானே மேடையில் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒருநாள் அந்த மூன்று பெண்களின் பக்கமிருந்து யோசித்தேன். அவர்களுக்கும் ஒரு திட்டம் இருந்திருக்கும். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பேர் யோசித்திருப்பார்கள். பழைய சேலையைக் கிழித்துத் தொட்டில் துணி எடுத்து வைத்திருப்பார்கள். அமெரிக்கப் பெண் ஒருத்தியின் மனத்தைத் திருப்புவதற்காக மூன்று கர்ப்பிணிகளைப் பலிகொடுக்கும் தேவனை நான் வேதத்தில் காணவில்லை. பட்டுச்சேலை உவமையும் இங்கேதான் அறுந்துபோகிறது. நூலுக்கு வலிக்காது. மனிதரை நூலாகப் பாவிப்பவர் நெய்த மயில் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

வாதத்தின் கடைசிப்படி வரை போய்ப் பார்க்கலாம். அந்த மரணங்கள் தேவனுடைய திட்டம் என்றால், தந்தையை அழைத்துப் போக மறுத்த மூன்று கணவர்களும் தேவ சித்தத்தை நிறைவேற்றினார்கள். பெண்ணைவிடப் பெரிதாக வழக்கத்தை வைத்ததும் தேவ சித்தம். அப்படியானால் அதே போன்ற மரணங்களைத் தடுப்பதற்காக ஐடா வேலூரில் கட்டியது தேவ சித்தத்துக்கு எதிரான மருத்துவமனை. இந்த முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள். ஏற்காவிட்டால் தொடக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அந்தப் பெண்களைக் கொன்றது வழக்கமும், பெண் மருத்துவர் இல்லாத நிலையும். ஐடா எந்தத் திட்ட வரைபடத்துக்கும் கீழ்ப்படியவில்லை. மருத்துவமனையையோ கல்லூரியையோ அந்த இரவில் யாரும் அவருக்குக் காட்டவில்லை. அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டு விலகிப் போகாதே என்பது ஏற்கெனவே சொல்லப்பட்ட கட்டளை. அதற்கு அவர் கீழ்ப்படிந்தார். தேவன் அந்த இரவில் எங்கே இருந்தார் என்று கேட்டால், வேதனையில் கிடந்த மூன்று பெண்களோடு இருந்தார் என்பேன். கதவுக்கு வெளியே நின்று காரியத்தை நடத்திக்கொண்டிருக்கவில்லை.

சம்பவங்களைப் பார்த்துத் தேவ சித்தத்தை வாசிப்பது தனிமனித ஆறுதலோடு நிற்கும் பழக்கமும் அல்ல. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மனியின் திருச்சபையில் பெரும் பகுதியினர் அதைக் கடவுள் தந்த கொடையாகக் கொண்டாடினார்கள். வரலாற்றில் கடவுளின் கை தெரிகிறது என்றார்கள். அதற்கு மறுப்பாக 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடியவர்கள் வெளியிட்ட பிரகடனம், இறையியலாளர் கார்ல் பார்ட் பெரும்பாலும் வரைந்தது, தன் முதல் பிரிவிலேயே இதை மறுத்தது: கிறிஸ்துவாகிய ஒரே வார்த்தைக்குப் பக்கத்தில் வேறு சம்பவங்களையும் அதிகாரங்களையும் கடவுளின் வெளிப்பாடாகத் திருச்சபை ஏற்க முடியாது. ஜெயித்ததைப் பார்த்துச் சித்தம் சொல்கிறவர்கள் கடைசியில் ஜெயித்தவனுக்குத்தான் கீழ்ப்படிவார்கள்.

5. கேள்வி கேட்பது கலகம் என்கிறார்கள்.

சோதோம் அழியாதிருக்க ஆபிரகாம் நீதிமான்களின் எண்ணிக்கையை ஐம்பதிலிருந்து பத்துவரை இறக்கிப் பேரம் பேசினார். பொன் கன்றுக்குட்டியைச் செய்த மக்களை அழிக்கப் போகிறேன் என்று கர்த்தர் சொன்னபோது மோசே குறுக்கே நின்று வாதாடினார்; அந்த வாதம் கேட்கப்பட்டது. என்னை ஏமாற்றினீர் என்கிற அளவுக்கு எரேமியா முறையிட்டார். யோபு ஏறக்குறைய இருபது அதிகாரங்களில் வழக்காடினார். அவருடைய நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் தேவனுக்காக வக்காலத்து வாங்கினார்கள், எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது என்றார்கள். முடிவில் தேவன் கோபித்துக்கொண்டது யாரை? அந்த வக்காலத்துக்காரர்களை. என்னைப்பற்றி யோபு பேசினதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்பதுதான் தீர்ப்பு. நம் துக்க வீடுகளில் மூலைக்கு ஒருவராக அந்த மூன்று நண்பர்களும் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மகன் ஈசாக்கைப் பலியிடச் சொன்னபோது ஆபிரகாம் அவனுக்காக வாதாடவில்லையே, மௌனமாக மோரியாவுக்குப் போனாரே என்று கேட்பார்கள். இதுவே எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. இதைத் தாண்டிப் போக நான் விரும்பவில்லை. முன்பின் தெரியாத சோதோமியருக்காகப் பேசியவர் சொந்த மகனுக்காகப் பேசாதது எனக்கு இன்றும் புரியாத இடம். ஆனால் அந்தக் கதை எங்கே முடிகிறது என்பது புரிகிறது. ஓங்கிய கை தடுக்கப்படுகிறது. புதரில் ஆட்டுக்கடா நிற்கிறது. பிள்ளைகளைத் தீயில் பலியிட்டவர்களைப் பற்றி எரேமியா 7ஆம் அதிகாரத்தில் தேவன் சொல்வது அதைவிட அழுத்தமானது: அதை நான் கட்டளையிடவில்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார். ஆகவே மோரியாவைக் காட்டி, உன் பிள்ளையைத் தேவன் கேட்டார், கொடுத்துவிட்டுப் பேசாமலிரு என்று எந்தத் தாயிடமும் சொல்ல நமக்கு அதிகாரமில்லை.

6. அடுத்தவருக்கான சித்தம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

யோசேப்பின் கதையை மறுபடி எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடித்தார் என்ற பொருளில் பேசியவர் யோசேப்பு. தன் காயத்தைப் பற்றி, தானே, ஆண்டுகள் கழித்து, அழுதுகொண்டு சொன்னார். அதே வாக்கியத்தைக் குழியின் விளிம்பில் நின்ற அண்ணன்மார் சொல்லியிருந்தால் அது வேறு பேச்சு. பாதிக்கப்பட்டவர் வாயில் விசுவாசமாக இருப்பது, பாதித்தவர் வாயில் குற்றமாகிவிடுகிறது. நம் சபைகளில் இந்த வாக்கியத்தை அதிகம் சொல்கிறவர்கள் குழிக்கு வெளியே நிற்பவர்கள்.

புருஷன் அடித்த தழும்போடு ஒரு பெண் போதகர் வீட்டுக்கு வருகிறாள். பொறுத்துக்கொள், உன் மூலமாக அவன் இரட்சிக்கப்படுவான், அதுதான் தேவன் உனக்கு வைத்திருக்கும் திட்டம் என்று சொல்லி, ஜெபித்து, அதே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவளை அனுப்பிவைத்தவர்களில் ஒருவர்கூட அன்றிரவு அந்த வீட்டு வாசலில் காவலுக்குப் போகவில்லை. பத்துக் கட்டளைகளில் தேவனுடைய நாமத்தை வீணில் வழங்கக் கூடாது என்பதும் ஒன்று. தேவன் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொல்லி ஒருத்தியை அடிவாங்க அனுப்புவதைவிட அந்த நாமத்தை எப்படி வீணாக்க முடியும்?

கல்யாணத்துக்கு வரன் தேடும்போது மாதக்கணக்கில் உபவாசமிருந்து தேவ சித்தம் கேட்கிறோம். ஆனால் தேடும் வட்டத்தைச் சாதியால் வரைந்த பிறகே முழங்காலில் நிற்கிறோம். இரட்சிக்கப்பட்ட மணமகள் தேவை என்ற விளம்பரத்தின் அடுத்த வார்த்தை சாதிப் பெயர். சாதிக்கு வெளியே மகளின் மனம் போனால் அது தேவ சித்தமல்ல என்று உடனே தெரிந்துவிடுகிறது. யூதரென்றும் கிரேக்கரென்றும் பேதமில்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை மனப்பாடமாகச் சொல்லும் வீடுகளில் இது நடக்கிறது. அவர்கள் கேட்பது சித்தமல்ல, சம்மதம். ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு அவருடைய கையெழுத்து.

தீர்க்கதரிசிகூட இதில் தவறுவான். தாவீது ஆலயம் கட்ட ஆசைப்பட்டபோது, மனதில் உள்ளதைச் செய்யும், கர்த்தர் உம்மோடிருக்கிறார் என்று நாத்தான் உடனே சொல்லிவிட்டான். அன்றிரவே கர்த்தருடைய வார்த்தை வேறாக வந்தது. மறுபடி போய்த் தன் சொல்லைத் தானே திருத்தினான். கர்த்தர் எனக்குக் காட்டினார் என்று சொல்லிவிட்டுத் தவறிப்போன எத்தனை ஊழியர்கள் நாத்தானைப் போல மறுநாள் வந்து நின்று, நான் சொன்னது என் எண்ணம், அவருடையது அல்ல என்று சொல்லியிருக்கிறார்கள்?

அப்படியானால் தேவனுடைய விருப்பம் நம் திட்டத்தோடு மோதுவதே இல்லையா? மோதுகிறது, கடுமையாக மோதுகிறது. நாம் தேடும் இடத்தில் அல்ல. மகனுக்கு எந்தக் கல்லூரி, எந்த நாட்டு விசா என்ற இடத்தில் தேவ சித்தத்தைத் துழாவுகிறோம். அங்கே பெரும்பாலும் அவர் நம் புத்தியை நம்பி விட்டிருக்கிறார். மருமகளிடம் நூறு பவுன் கேட்க வைத்திருக்கும் திட்டத்தில் மோதுகிறார். வீட்டு வேலைக்கு வருபவருக்கு விடுப்பு நாளில் கூலியைப் பிடிக்கும் திட்டத்தில் மோதுகிறார். அறுத்தவனின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு நிருபம் எச்சரிக்கிறது. மன்னிக்க மாட்டேன் என்று வைத்திருக்கும் முடிவில் மோதுகிறார். நியாயம் செய், இரக்கத்தை நேசி, தாழ்மையாய் நட என்ற பொருளில் மீகா சொல்லி ஏறக்குறைய 2,700 ஆண்டுகள் ஆகின்றன. இதைக் கண்டுபிடிக்க உபவாசக் கூட்டம் தேவையில்லை. தெரிந்த கட்டளையைத் தள்ளிவைத்துவிட்டுத் தெரியாத திட்டத்தைக் கணித்துக்கொண்டிருப்பதுதான் நம் கீழ்ப்படியாமை.

தெரிந்த கட்டளைக்குக் கீழ்ப்படிவதை வாழ்ந்து காட்டியவர்களில் ஒருவர் ஜெர்மானியப் போதகர் தீட்ரிக் போன்ஹோஃபர். இந்தியாவுக்கு வந்து காந்தியோடு தங்கிப் பழக வேண்டும் என்பது அவர் ஆசை; 1934இல் காந்தி அழைப்புக் கடிதமும் எழுதினார். ஆனால் ஹிட்லருக்கு அடிபணியாத திருச்சபைக்குப் போதகர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு 1935இல் வந்தது. இந்தியப் பயணம் நடக்கவே இல்லை. 1939 ஜூனில் நண்பர்கள் அவரை நியூயார்க்குக்கு அழைத்துப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஒரு மாதம்கூட அங்கே அவர் தங்கவில்லை. ஜூலையில் ஜெர்மனிக்குக் கப்பலேறினார். போர்க் காலத்தில் தன் மக்களின் துன்பத்தில் பங்குபெறாவிட்டால், போருக்குப் பின் அவர்களோடு நின்று திருச்சபையைக் கட்டத் தனக்கு உரிமை இருக்காது என்று அமெரிக்க இறையியலாளர் நீபருக்கு எழுதினார். பெரிய திட்டம் எதையும் பார்த்ததாக அவர் எழுதவில்லை. தன் முடிவின் காரணங்கள் தனக்கே முழுவதும் தெளிவாக இல்லை என்றுதான் அந்த நாட்களில் குறித்து வைத்தார். 1943 ஜனவரியில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஏப்ரலில் கைதானார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். வயது 39. இரட்டிப்பாக எதுவும் வரவில்லை. அவர் கீழ்ப்படியவில்லை என்று யார் சொல்வார்கள்?

இப்படிச் சொன்னால் மக்களுடைய நம்பிக்கையைப் பறிக்கிறீர்கள் என்பார்கள். பொய்யாகிப்போகும் நம்பிக்கையைத்தான் பறிக்கிறேன். நான்கு ஆண்டு அட்டை எடுத்து நான்கு ஆண்டும் ஏமாந்த பெண் கடைசியில் சந்தேகப்படுவது அட்டையை அல்ல, தன் விசுவாசத்தை, பிறகு தேவனை. அவளுக்கு எரேமியாவின் இன்னொரு காட்சியைக் கொடுங்கள். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறார்கள். எரேமியா காவற்கூடத்து முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரம் விழும் என்று சொன்னவரே அவர்தான். அந்த நேரத்தில் ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி எடைபோட்டுக் கொடுத்து வாங்குகிறார். பத்திரம் எழுதி, சாட்சிகள் முன்னிலையில் முத்திரை போட்டு, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அந்த நிலத்தில் அவர் ஒரு கதிர்கூட அறுக்கப் போவதில்லை. அது அவருக்குத் தெரியும்.

போதகர்களே, வருகிற டிசம்பர் 31க்கு அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். எரேமியா 29இன் 11ஆம் வசனத்தோடு 5, 6, 7, 10 ஆகிய நான்கையும் சேர்த்து அச்சிடுங்கள். அட்டையில் இடம் போதாவிட்டால் 11ஐயும் போடாதீர்கள்.